பள்ளித் தோழர் இட்ட பெயர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

ஒரு மனிதனுக்குப் பெயர் எத்தனை? 'ஒன்றுதான்' என்று உடனே விடை கூறிவிடுவோம். சற்றே எண்ணிப் பார்த்தால் அவ்விடை நில்லாது. மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் பாட்டி அழைக்கும் பெயர் வேறாக இருக்கிறது. ஆதார் அட்டையில் எழுத்துப் பிழையோடு மூன்றாவது பெயர் இருப்பதும் உண்டு. அதைத் திருத்த அலைந்தவர்கள் நம்மில் பலர். இவற்றுக்கெல்லாம் அப்பால், பள்ளிக்கூடத்து மரத்தடியில் நமக்கு வைக்கப்பட்ட பெயர் ஒன்று உண்டு. முன்னைய பெயர்கள் பெரியவர்கள் இட்டவை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து அதன் குணத்தை யார் அறிய முடியும்? ஆகவே அவை நம்மைக் கேட்டு இட்டவையும் அல்ல, நம்மை அறிந்து இட்டவையும் அல்ல. பட்டப்பெயர் ஒன்றுதான் நம் வயதினர், நம்மோடு உண்டு, விளையாடி, சண்டையிட்டவர்கள், நம்மைப் பார்த்துப் பார்த்து இட்ட பெயர். அதனாலேயே அது சில வேளை இனிக்கிறது. சில வேளை சுடுகிறது.

இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். பெற்றோர் வைக்கும் பெயர் பெரும்பாலும் இடுகுறி போன்றது. கருத்த மேனியரை 'வெள்ளையன்' என்றும், ஒரு வேளைச் சோற்றுக்கு உழைப்பவரைக் 'குபேரன்' என்றும் அழைக்கிறோம் அல்லவா? பட்டப்பெயரோ முழுக்க முழுக்கக் காரணப்பெயர். தொல்காப்பியர் இதனை இன்னும் நுட்பமாகப் பார்த்திருக்கிறார். சொல்லதிகாரத்துப் பெயரியலில், நிலத்தால் வரும் பெயர், குடியால் வரும் பெயர், தொழிலால் வரும் பெயர் என்று உயர்திணைப் பெயர்களை வரிசைப்படுத்தும்போது, 'ஆடியற்பெயர்' என்ற ஒன்றையும் அவ்வரிசையில் வைக்கிறார். இளையோர் ஒன்றுகூடி விளையாடும்போது, அப்பொழுதைக்கென்று தாமே படைத்து இட்டுக்கொள்ளும் பெயர் என்று உரையாசிரியர் சேனாவரையர் இதற்கு விளக்கம் தருகிறார். பட்டிபுத்திரர், கங்கைமாத்திரர் என்பன அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள். பள்ளிப் பிள்ளைகள் மரத்தடியில் செய்யும் வேலைக்கு இலக்கண நூலில் ஓர் இடம் இருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. 'அப்பொழுதைக்கென்று', 'தாமே' என்ற இரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் இவை தேவைப்படும்.

சங்கப் புலவர்களில் பலருக்கு இன்று பட்டப்பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், விட்டகுதிரையார், மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆகியோரின் இயற்பெயர்களை நாம் அறியோம். பாட்டில் அவர்கள் ஆண்ட தொடரையே எடுத்துத் தொகுத்தவர்கள் பெயராக்கிவிட்டார்கள். குப்பைக்கோழியார் என்றும் ஒரு புலவர் உண்டு. இன்று நம் வகுப்பில் யாரையேனும் 'குப்பைக்கோழி' என்று கூப்பிட்டால் அடிதடியாகிவிடும். 'ஆர்' விகுதியைச் சேர்த்தார்கள். அப்பெயர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக மதிப்போடு நிற்கிறது! மன்னர்களும் தப்பவில்லை. காலில் தீப்பட்டதனால் கரிகாலன் என்று பெயர் வந்ததாகச் சொல்வர். கூன்பாண்டியன் கூன் நிமிர்ந்த பின்னர் நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்பது பெரியபுராண மரபு. உடற்குறையைச் சுட்டிய பெயரைக் கழற்றி எறிய ஒரு பாண்டியனுக்கே சம்பந்தரின் துணை தேவைப்பட்டது என்றால், ஏழாம் வகுப்புப் பையன் என்ன செய்வான்?

எங்கள் மலையில்

நான் கல்வராயன் மலையைச் சேர்ந்தவன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறினால் வெள்ளிமலை வரும். எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் கேலிக்காக மட்டும் பிறப்பதில்லை, தேவைக்காகவும் பிறக்கிறது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், ஓர் ஊரிலேயே ஒரே பெயருடையோர் நால்வர் ஐவர் இருப்பர். ('பெயரன்' என்பதே 'பேரன்' ஆயிற்று என்பர்.) ஆகவே மேட்டுவீட்டார், ஓடைக்கரையார் என்று இடத்தைச் சேர்த்து அடையாளம் சொல்வார்கள். எங்கள் தலைமுறையில் தாத்தா பெயர்கள் குறைந்து புதுப் பெயர்கள் வந்தன. சிக்கல் மட்டும் தீரவில்லை. என் வகுப்பில் மணிகண்டன்கள் மூவர் இருந்தார்கள். ஆசிரியர் 'மணிகண்டா' என்று அழைத்தால் மூன்று தலைகள் நிமிரும். திட்டுவதற்கு என்று தெரிந்தால் மூன்றும் குனியும். பிள்ளைகளாகிய நாங்கள்தான் இதற்கு ஒரு வழி கண்டோம்.

மூவரில் ஒருவன் 'கடுக்காய்' ஆனான். எங்கள் மலைக் கடுக்காயைக் கடித்தவன் முகம் எப்படி இருக்குமோ, அப்படியே அவன் முகம் காலையில் எழும்போது இருக்கும் என்பது காரணம். இன்னொருவன் 'கடைசிப் பேருந்து'. அவன் எங்கும் நேரத்தோடு வந்ததில்லை. ஆயினும் வராமல் இருந்ததும் இல்லை. மூன்றாமவனுக்குப் 'பெரியார்' என்று பெயர். பகுத்தறிவுக்காக என்று எண்ணிவிட வேண்டா. பெரியார் அருவிக்குப் போய்ச் செருப்பைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, வெறுங்காலோடு விடுதி திரும்பினான், அவ்வளவுதான். எடுத்ததற்கெல்லாம் அழுத ஒருவனுக்குக் 'கோமுகி' என்று பெயர். மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருந்த ஒருவனுக்கு 'ரேடியோ'. விளக்கை அணைத்த பிறகும் விடுதியில் அவன் குரல் கேட்கும்; காவலர் வந்து 'நிலையத்தை மூடு' என்று அதட்டுவார். என் பட்டப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இப்பெயர்கள் எவ்வாறு நிலைக்கின்றன என்று கவனித்திருக்கிறேன். முதலில் ஒரு நிகழ்ச்சி வேண்டும். அதைப் பார்த்தவர் சிலர் வேண்டும். பிறகு, பெயர் சுமப்பவன் கோபப்பட வேண்டும்! கோபமே பெயருக்கு உரம். சிரித்துவிட்டுப் போகிறவனுக்குப் பெயர் ஒட்டுவதில்லை. உலகப் புகழ்பெற்ற கால்பந்து வீரர் பெலேயின் கதை இதற்குச் சான்று. 1940-இல் பிறந்த அவருக்கு, விஞ்ஞானி எடிசனை நினைந்து பெற்றோர் 'எட்சன்' என்று பெயரிட்டனர். பள்ளியில் யாரோ 'பெலே' என்று அழைத்தனர். அவருக்கு அது அறவே பிடிக்கவில்லை. அப்படி அழைத்த வகுப்புத் தோழனைக் குத்திவிட்டு இரண்டு நாள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அன்று அவர் குத்தாமல் இருந்திருந்தால், 2022-இல் அவர் மறைந்தபோது உலகம் எட்சன் என்ற பெயருக்கு அஞ்சலி செலுத்தியிருக்கலாம்.

இன்னொன்றும் நிகழ்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் காரணம் மறைந்துவிடும்; பெயர் மட்டும் நிற்கும். கீழ்வகுப்புப் பிள்ளைகள், ஏன் என்று அறியாமலே 'கடுக்காய் அண்ணா' என்று அழைப்பார்கள். காரணப்பெயர் இடுகுறிப்பெயராகிவிடுகிறது. தாவரவியல் படிப்பவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு செடிக்கும் அதன் இயல்புகளை விவரிக்கும் நீண்ட லத்தீன் தொடர் ஒன்றே முறையான பெயராக இருந்தது. அதன் பக்கத்தில், ஓரத்துக் குறிப்பாக, எளிய ஒற்றைச் சொல் ஒன்றையும் அவர் சேர்த்தார். பேரினப் பெயரோடு அச்சொல் சேர்ந்து வழங்கியதே இன்று நாம் தேர்வில் பிழையின்றி எழுதப் பாடுபடும் இருசொற்பெயர். நீண்ட பெயர்களை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அறிவியல் பெயர் என்பதுகூட, முழுப்பெயரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் அமர்ந்த ஒரு பட்டப்பெயர்தான் என்று எங்கள் துறையில் நான் சொன்னால் மதிப்பெண் குறையக்கூடும். இம்மலரில் சொல்லலாம் அல்லவா?

ஏன் இந்த வயதில்?

ஐந்து வயதுக் குழந்தைகள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லியே அழைக்கின்றனர். நாற்பது வயதில் புதிதாகப் பட்டப்பெயர் பெறுவோர் குறைவு. பன்னிரண்டு முதல் பதினேழு வரையில்தான் இப்பயிர் செழிக்கிறது. ஏன்?

எரிக் எரிக்சன் என்னும் உளவியல் அறிஞர், மனிதன் 'நான் யார்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பருவம் இதுவே என்றார். இளமையின் அடையாளச் சிக்கலைப் பற்றி 1968-இல் அவர் எழுதிய நூல் புகழ் பெற்றது. அவருடைய சொந்த வாழ்வே இதற்கு ஒரு பாடம். 1902-இல் ஜெர்மனியில் பிறந்த அவர் யூதக் குடும்பத்தில் வளர்ந்தார். ஆனால் உயரமும் பொன்னிறத் தலைமுடியும் உடையவர். யூதப் பிள்ளைகள் அவரை அந்நியன் என்று கேலி செய்தனர். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அவரை யூதன் என்று கேலி செய்தனர். வளர்ப்புத் தந்தையின் பெயரைச் சுமந்து வளர்ந்தவர், அமெரிக்கக் குடிமகனானபோது 'எரிக்சன்' என்ற பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக்! தந்தையும் தாமே என்று சொல்வது போல இல்லையா?

அவருக்கு முன்பே, 1902-இல், கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் மற்றவர் முகமே நமக்குக் கண்ணாடி என்றார். பிறர் நம்மை எவ்வாறு பார்க்கின்றனர் என்று நாம் கருதுகிறோமோ, அவ்வாறே நம்மை நாம் எண்ணத் தொடங்குகிறோம் என்பது அவர் கொள்கை. வீட்டில் அம்மாவின் கண்ணாடியில் எப்போதும் அழகாகவே தெரிந்த பிள்ளை, பள்ளியில் நாற்பது கண்ணாடிகளுக்கு முன் நிற்கிறான். பட்டப்பெயர் அக்கண்ணாடிகள் ஒருசேரச் சொல்லும் சொல். அது பொய்யாகவே இருக்கலாம். ஆயினும் அதைக் கேளாமல் இருக்க முடியாது.

பட்டப்பெயர் பெற்றவர்தான் வருந்துவர் என்று நினைக்கிறோம். பெறாதவரும் வருந்துவது உண்டு. பிள்ளைகளின் பட்டப்பெயர்களைப் பற்றி 1979-இல் ரோம் ஹாரே என்ற அறிஞரும் வேறிருவரும் ஒரு நூல் எழுதினர். கவனிக்கத் தக்கவன் என்பதன் அடையாளமே பட்டப்பெயர் என்பது ஹாரேயின் கருத்து. எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து எங்களோடு படித்தவள். யாரும் அவளுக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை. வைக்கும் அளவுக்கு யாரும் அவளைப் பார்க்கவில்லை என்பதே உண்மை. பன்னிரண்டாம் வகுப்பில்தான் அவளுடைய கணக்குக் குறிப்பேடு வகுப்பு முழுவதும் சுற்றத் தொடங்கியது. 'நோட்டு' என்று பெயர் வந்தது. அன்று முழுவதும் அவள் சிரித்துக்கொண்டே இருந்ததாக அவள் தோழியர் கூறினர்.

பெண்களின் பட்டப்பெயர்களைப் பற்றி நான் அதிகம் எழுத முடியாது. அவை விளையாட்டுத் திடலில் கூவப்படுபவை அல்ல. விடுதி அறைக்குள் வழங்குபவை. ஆண்பிள்ளைகளின் காதில் விழுந்துவிட்டால் அப்பெயரையே மாற்றிவிடுவார்களாம். பேருந்தில் ஒருவன் பெயர் சொல்லி அழைத்துவிட்டான் என்பதற்காகவே படிப்பு நின்றுபோன பெண்கள் உள்ள நாட்டில் இந்த எச்சரிக்கை தேவையற்றது என்று சொல்வதற்கில்லை.

கேலிக்கும் முறை உண்டு

இனி, சுடும் பெயர்களுக்கு வருகிறேன். சிலர் எல்லாப் பட்டப்பெயர்களும் தீயவை, ஒழிக்க வேண்டும் என்பர். வேறு சிலர் எல்லாம் விளையாட்டே, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பர். இரண்டும் எனக்கு உடன்பாடு அல்ல. நம் வீடுகளில் வழங்கும் ஒரு நடைமுறையே இதற்கு விடை தருகிறது.

மாமன் மைத்துனன் உறவில் எவ்வளவு கேலி பேசினாலும் யாரும் கோபிப்பதில்லை. திருமண வீட்டில் மைத்துனன் மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றி என்ன சொன்னாலும் சிரிப்புத்தான். அதே சொல்லைப் பங்காளி ஒருவன் சொன்னால் சோற்று இலை மடிக்கப்படும். வழிப்போக்கன் சொன்னால் கை ஓங்கப்படும். ஆகவே கேலிக்குச் சொல் முக்கியம் அன்று, முறை முக்கியம். மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் இதைக் 'கேலி உறவு' என்ற பெயரில் ஆராய்ந்தார். ஒருவர் கேலி செய்யலாம், மற்றவர் கோபிக்கக் கூடாது என்று வழக்கமே இடம் தரும் உறவு அது என்றார். நம் பாட்டிகளுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது.

பள்ளித் தோழர்கள் பிறப்பால் உறவினர் அல்லர். ஆனால் ஒரே தட்டில் உண்டும், ஒரே பாயில் படுத்தும், ஒருவன் அடி வாங்கும்போது மற்றவன் எழுந்து நின்றும் அந்த முறையை அவர்கள் தேடிக்கொள்கிறார்கள். கடுக்காய் என்று அழைப்பவனைக் கடைசிப் பேருந்து என்று அழைக்கும் உரிமை கடுக்காய்க்கு இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் சமமாக இருக்கிறது. திருப்பி ஒரு பெயர் சொல்ல முடியாதவனுக்கு இடும் பெயர் பட்டப்பெயர் அன்று, அது வசை.

முன்னே சொன்ன ரேடியோ, பத்தாம் வகுப்பு முடிந்ததும் சமவெளியில் ஒரு பள்ளியில் சேர்ந்தான். அங்கே அவன் ரேடியோ அல்லன். சேர்ந்த முதல் வாரமே 'காட்டுவாசி' என்று பெயர் வைத்தார்கள். அவன் பேச்சின் இழுவையைச் சொல்லிச் சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள். கேள்வி கேட்க எழுந்தால், அவன் வாய் திறக்கும் முன்பே பின் வரிசையில் சிரிப்பு எழும். ஆசிரியர்களும் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். அரையாண்டுத் தேர்வுக்குள் அவன் வகுப்பில் பேசுவதையே விட்டுவிட்டான். மூச்சு விடாமல் பேசியவன்! தேர்வு முடிந்து மலைக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை; திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டான். கடுக்காய் என்ற பெயர் ஒருவன் முகத்தைப் பார்த்து வந்தது. ரேடியோ என்ற பெயர் ஒருவன் பேச்சைக் கேட்டு வந்தது. காட்டுவாசி என்ற பெயர் அவனைப் பார்க்காமலே, அவன் ஊரைக் கேட்டதும் வந்தது. அவன் இடத்தில் எங்கள் மலையிலிருந்து வேறு யார் போயிருந்தாலும் அதே பெயர்தான் காத்திருக்கும். ஊர், சாதி, நிறம், மொழி இவற்றைச் சுட்டும் பெயர்கள் எல்லாம் இவ்வகையே.

இயற்பியல் மாணவர்கள் மாக்ஸ்வெல்லின் பெயரை அறிவார்கள். ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறப் பண்ணை ஒன்றில் வளர்ந்த அவர், 1841-இல், பத்து வயதில், எடின்பரோ நகரப் பள்ளியில் சேர்ந்தார். தந்தை தாமே திட்டமிட்டுத் தைக்கச் செய்த சட்டையும் காலணியும் அணிந்திருந்தார். நாட்டுப்புற உச்சரிப்பு வேறு. நகரத்துப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து கேலி செய்து, 'டாஃப்டி', அதாவது கிறுக்கன், என்று பெயரிட்டனர். சட்டை கிழிந்து வீடு திரும்பினார். அக்'கிறுக்கன்' பதினான்கு வயதில் எழுதிய கணிதக் கட்டுரை 1846-இல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. பின்னர் ஒளியும் மின்காந்த அலையே என்று உலகுக்குக் காட்டியவரும் அவரே. இக்கதையைச் சொல்லி, 'பார், மாக்ஸ்வெல் தாங்கவில்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது பொருந்தாத வாதமாகவே படுகிறது. மாக்ஸ்வெல்லுக்குத் திரும்பிச் செல்ல ஒரு பண்ணை இருந்தது. நகரில் அத்தை வீடு இருந்தது. கடிதம் எழுதித் தேற்றும் தந்தை இருந்தார். வீட்டில் முதன்முதலாகப் பதினொன்றாம் வகுப்புக்குப் போனவனுக்கு, பள்ளியில் நடந்ததைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூட ஆள் இல்லை. 'பிடிக்கவில்லை என்றால் வந்துவிடு' என்றுதான் சொல்வார்கள். அவனும் வந்துவிட்டான்.

டார்வினும் பள்ளியில் பட்டப்பெயர் பெற்றவர். தமையனோடு தோட்டத்துக் கொட்டகையில் வேதியியல் சோதனை செய்தது பள்ளிக்குத் தெரிந்துவிட, 'கேஸ்', அதாவது வாயு, என்று அழைத்தனர். தம் வரலாற்றில் அதை அவர் மகிழ்ச்சியோடுதான் எழுதுகிறார். ஏன்? அப்பெயர் அவர் செய்த செயலைப் பார்த்து வந்தது.

என் கல்லூரி முதல் வாரத்தில் எனக்கு நேர்ந்தது வேறு வகை. சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருப்பதைப் பார்த்த ஒருவர், 'கேரளாவா? தமிழ் நன்றாகப் பேசுகிறாயே!' என்று பாராட்டினார். எங்கள் பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய முன்னோரின் வழிவந்தோம் என்பது எங்கள் முதியோர் சொல்லும் வரலாறு. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அமைந்த பழங்குடியினர் பட்டியலில் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் மலையாளிகள் இடம்பெற்றிருக்கின்றனர். அத்தென்னார்க்காடும் இன்று இல்லை. 1993-இல் அது பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் வந்தது. என் பாட்டி பிறந்தது தென்னார்க்காட்டில். நான் பிறந்தது விழுப்புரம் மாவட்டத்தில். படிப்பது கள்ளக்குறிச்சி மாவட்டத்தான் என்ற பெயரில். வீடு என்னவோ ஒரே வீடுதான்!

சட்டம் இதில் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் 1996-இல் கொலையுண்ட கொடுமைக்குப் பின் வந்த சட்டம் அது. மாணவர் ஒருவருக்கு அச்சமோ வெட்கமோ உண்டாக்கும் கேலியையும் அது குற்றமாகவே கொள்கிறது; இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. நல்ல சட்டம். ஆயினும் பதினொன்றாம் வகுப்பின் பின் வரிசைச் சிரிப்புக்கு எந்தக் காவல் நிலையத்தில் போய் மனுக் கொடுப்பது? அங்கே கேட்க வேண்டியவர் கரும்பலகைக்கு முன் நிற்பவர்.

ஆசிரியப் பெருமக்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கும் நாம் பெயர்கள் வைத்திருக்கிறோம் என்பது அவர்கள் அறியாதது அன்று. திருப்பிப் பெயரிட முடியாத இடத்தில் நாம் மறைவில் பெயரிடுகிறோம். முறைப்படி பார்த்தால் இது எவ்வகையில் சேரும் என்று ஆராயத்தான் வேண்டும். எனினும் இம்மலரை அவர்களும் படிப்பார்கள் என்பதால் அப்பட்டியலை இங்கே தருவதற்கில்லை.

ஆசிரியர் இட்ட பெயரால் விளங்கியவரும் உண்டு. உ.வே.சா. அவர்களுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். 1871-இல், பதினாறு வயது இளைஞராக மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாயூரத்தில் பாடம் கேட்கச் சேர்ந்தார். ஆசிரியருக்கு அப்பெயர் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வேறு பெயர் உண்டா என்று கேட்டார். வீட்டில் 'சாமா' என்று அழைப்பார்கள், அது சாமிநாதன் என்பதன் குறுக்கம் என்றார் மாணவர். அன்று முதல் சாமிநாதன் ஆனார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி அச்சேற்றித் தமிழுக்குத் தந்தவரின் பெயராக நிலைத்தது, வீட்டில் செல்லமாக அழைத்த பெயரே. இதில் நான் கவனிப்பது, ஆசிரியர் தாமாக ஒரு பெயரைச் சூட்டவில்லை என்பது. 'வேறு பெயர் உண்டா?' என்று கேட்டார். மாணவர் தம்மிடம் இருந்ததையே எடுத்துக் கொடுத்தார்.

சேனாவரையரின் 'அப்பொழுதைக்கென்று' என்பதற்கு இங்கே வருகிறேன். விளையாட்டு முடிந்ததும் ஆடியற்பெயரும் முடிந்துவிட வேண்டும். பள்ளி முடிந்ததும் பல பட்டப்பெயர்கள் அவ்வாறே உதிர்கின்றன. கோமுகி இப்போது செவிலியர் படிப்புப் படிக்கிறான். அங்கே அவனை யாரும் அப்படி அழைப்பதில்லை. அவனும் அழுவதில்லை என்கிறான். சில பெயர்கள் மட்டும் உதிர மறுத்து, ஆளோடு வளர்ந்து, அரசாங்க ஏடுகளுக்குள்ளும் நுழைந்துவிடுகின்றன. பட்டா, பத்திரம், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் பெயருக்குப் பக்கத்தில் '(எ)' என்று ஒரு எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். 'என்கிற' என்பதன் சுருக்கம் அது. அதற்குப் பின் வருவது பெரும்பாலும் ஊர் இட்ட பெயர். ஊர் அழைக்கும் பெயரையும் எழுதாவிட்டால் ஆள் யார் என்று தெரியாது என்பதை வருவாய்த் துறையே ஒப்புக்கொண்ட இடம் அந்த ஓர் எழுத்து.

இக்காலத்தில் இதற்கு இன்னோர் ஏடும் வந்திருக்கிறது. திருமணம் என்றால் நண்பர்கள் சேர்ந்து படத்தட்டி வைக்கிறார்கள். மணமக்கள் பெயருக்குக் கீழே நண்பர்களின் படங்கள். படங்களுக்குக் கீழே பெயர்கள். அதில் சான்றிதழ்ப் பெயரை அச்சிட்டால் ஊரில் எவருக்கும் விளங்காது. சென்ற வைகாசியில் எங்கள் மலையில் கடுக்காயின் தமையனுக்குத் திருமணம் நடந்தது. தட்டியில் கடைசிப் பேருந்து, பெரியார், ரேடியோ என்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். ரேடியோ திருப்பூரிலிருந்து இரவுப் பேருந்து பிடித்து வந்திருந்தான். பந்தலில் தன் பெயரைப் பார்த்தவன், கீழே விழுந்துவிடாமல் இருக்கத் தட்டியின் கட்டுக் கம்பியை இழுத்து இறுக்கிக் கட்டினான். பிறகு விடியும்வரை பேசிக்கொண்டிருந்தான்.